மேஸ்திரியைக் கூப்பிடற சைகை

கண்ணு, அந்த ஜன்னலோரத்த எனக்குக் குடுக்கறீங்களா? பாலம் வரைக்கும் போதும். பாலந் தாண்டுனதும் நீங்களே உக்காந்துக்கோங்க. வாந்தியெல்லாம் இல்லீங்க, பயப்படாதீங்க. பள்ளிபாளையத்துப் பாலத்து மேல பஸ் போறப்ப ஒரு சாமானத்த ஆத்துக்குள்ள போடோணும். அந்தச் சோலிக்குத்தான் வந்தேன்.

புண்ணியமாப் போவுது. இந்தா, காலச் சித்த மடக்கிக்கோங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? சாமானம்னா அஸ்தி கிஸ்தி இல்லீங்க. மாத்திரை. எங்கூட்டுச் சின்ன மருமக சாப்பிடற மாத்திரை. இந்த மஞ்சப்பைக்குள்ளதான் இருக்குது. குமாரபாளையத்துல இருந்து வாறனுங்க. ஏன், அங்கயே பவானிப் பாலம் பக்கத்துல இருக்குதேன்னு கேப்பீங்க. இருக்குது. அங்க போறவன் வாறவன் முச்சூடும் நம்ம சனமுங்க. ருக்குமணி தனியாப் பாலத்துல நின்னு ஆத்த எட்டிப் பாத்தான்னு எவனாச்சும் ஊட்டுல போயிச் சொன்னான்னா வேற வெனையே வேண்டாம். குப்பையில போட்டா மூத்த மருமக கண்டுபுடிச்சிருவா. அவளுக்கு மூக்கு அப்படி. அதுக்குத்தான் பஸ்ல ஏறிட்டேன். ஈரோட்டுல எனக்கு ஒரு வேலையும் இல்லீங்க.

தப்புங்கறீங்களா? முழுசாக் கேளுங்க, அப்பறம் சொல்லுங்க.

எங்களுது தறிக்காரக் குடும்பமுங்க. ஊட்டோட ஒட்டுனாப்புல பட்டறை. துண்டு, லுங்கி ஓட்டறோம். எங்கூட்டுக்காரருக்கு அந்தச் சத்தத்துலயே காது போச்சு. இப்ப நான் திட்டுனாக் கூட சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. பெரியவன் குழந்தைவேலு. அவன் சம்சாரம் வளர்மதி. அவளப் பத்திப் பேச ஆரம்பிச்சா இந்த பஸ்சு மெட்ராசே போனாலும் பத்தாது. வாய். கல்யாணமாகி வந்த மக்யா நாளே சாம்பாருல புளி பத்துலீன்னு சொன்னவ. நெனச்சா சிரிப்பா, நெனச்சா சண்டைக்கு நிப்பா, நெனச்சா அம்மா ஊட்டுக்குப் பொறப்பட்டுருவா. எந்தச் சாமிக்குச் செஞ்ச குத்தமோன்னு இருந்தேன்.

அதுக்கோசரம் சின்னவன் மோகனுக்குப் பாத்துப் பாத்துப் பொண்ணெடுத்தேன். சுகந்தின்னு பேரு. சத்தியமங்கலத்துப் பக்கம், தோட்டங்காட்டுப் பொண்ணு. தறியே பாத்ததில்ல. வந்த புதுசுல இவளும் வாயாடிதானுங்க. பட்டறைக்குள்ள நின்னுக்கிட்டு அத்தை அத்தைன்னு என்னமோ கேப்பா, ஒரு எழவும் காதுல விழுகாது. தறி ஓடறப்ப பேசக் கூடாது கண்ணு, கையில பேசோணும்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.

உங்களுக்குத் தெரியாதில்லீங்க, தறிக்காரங்க எல்லாம் கையிலதான் பேசிக்குவோம். இப்படிக் கட்டை விரல வாய்க்குக் கொண்டு போனா தண்ணி. உள்ளங்கையக் கவுத்துக் காட்டுனா தார்க்கட்டையில சுத்துன நூல் தீந்து போச்சு. கையத் தலைக்கு மேல தூக்கி இப்படிச் சுத்துனா, என் தறி மக்கர் பண்ணுது, மேஸ்திரிய வரச் சொல்லுன்னு. மேஸ்திரின்னா தறி ரிப்பேர் பண்றவரு. அந்தக் கடைசித் தறியில நின்னு சுத்துனாலும் இந்தக் கடைசியில தெரியும். சுகந்தி நல்லாக் கத்துக்கிட்டா. நாள் போகப் போக அவ மாதிரி மருமக எங்க வீதியிலயே இல்லீங்க.

சொல்றேன் கேளுங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டா. பேசவே மாட்டா. வெடியால எனக்கு முந்தி எந்திரிச்சு உக்காந்திருப்பா. நான் எப்பத் தூங்குனேன், அவளுக்கு முந்தி எந்திரிக்கறதுக்கு, அது வேற கதை. போடறதத் திம்பா. சில நாள் அதுவும் பாதிதான். டீவி பாக்க மாட்டா. சீலை எடுக்கப் போலாம் வாடீன்னா வேண்டாமுங்கத்தைன்னு தலைய ஆட்டுவா. நோம்பிக்கு அம்மா ஊட்டுக்குப் போறியான்னா அதுக்கும் தலை. பூ வாங்கிக் குடுத்தா அது பிரிட்ஜுலயே வாடிக் கெடக்கும். செலவே இல்லாத மருமக. தறியில நின்னான்னா நின்ன எடத்துல நிப்பா. வாய் மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருக்கும். பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டறான்னு ஒறம்பரை சனத்துகிட்ட எல்லாம் நான் பெருமையாச் சொல்லியிருக்கறேன். வளர்மதிகிட்டவே சொல்லுவேன், பாத்துக் கத்துக்கோ அவகிட்டன்னு.

நடுவுல ஒரு கரு தங்குச்சுங்க, நிக்குல. அதெல்லாம் எல்லாத்துக்கும் நடக்கறதுதானே. எனக்கும் போயிருக்குது. அடுத்த வாரமே தறியில நின்னேன், என்ற மாமியா ஊரெல்லாம் சொல்லிச்சு, கல்லாட்டப் பொம்பளடீன்னு. இவளும் அடுத்த வாரமே நின்னா. நானும் ஊரெல்லாம் சொன்னேன்.

இது எந்த ஊருங்க? இன்னும் பள்ளிபாளையம் வருலயா? வாறதுக்கு முந்தி ஒரு சத்தங் குடுங்க கண்ணு, பேச்சுல விட்டுருவேன்.

இப்படி இருக்கறப்பத்தானுங்க ஒரு நாள் கரண்ட்டு நிறுத்துனாங்க. மாசத்துக்கு ஒருக்கா லைனு வேலைன்னு நிறுத்துவாங்களே, அதுதான். எங்களுக்கு அதுதான் நோம்பி. வீதி முச்சூடும் தறி நின்னு போயிரும். காதே அடைச்சாப்புல இருக்கும். பொம்பளைங்க தலைக்கு எண்ண வெச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்து பழமை பேசுவோம், கறி எடுத்து ஆக்குவோம். அன்னைக்கு வளர்மதி சுகந்தியக் கூப்பிட்டுக் கறிக்கொழம்பா வறுவலாடீன்னு கேக்கறா. இவ கையத் தூக்கி, எதுன்னாலும் சரின்னு கையிலயே சொல்றா. கரண்ட்டு இல்லடி, வாயத் தொறந்து சொல்லுன்னா வளர்மதி. இவ வாயத் தொறக்கறா, ஒண்ணும் வருலீங்க. காத்துதான் வருது. தொண்டை கட்டிக்கிட்டாப்புல கரகரன்னு ஒரு சத்தம்.

நான் சுக்குத் தண்ணி வெச்சுக் குடுத்தேன். வளர்மதிதான் அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. அத்தை, இவ பேசி நாம எப்பக் கேட்டோம்னு கேட்டா. இது ஒரு கேள்வியா? ஒரே ஊட்டுல இருக்கறோம், பேசாமயா இருப்பா? எனக்கும் நெனப்பு வருல, அது வேற. வளர்மதி திரும்பிச் சுகந்தியப் புடிச்சு உலுக்கி, என்னடி ஆச்சு உனக்குன்னு கேட்டா பாருங்க. அதுக்கு அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு தெரியுங்களா? கையத் தலைக்கு மேல தூக்கி, மேஸ்திரிய வரச் சொல்லுன்னு சுத்துச்சு.

நான் சிரிச்சுப்போட்டேன். தறியே ஓடுல, எதுக்குடி மேஸ்திரின்னேன்.

வளர்மதி சிரிக்குல. அடுப்புல கறி கெடக்குது, அத அணைச்சுப்போட்டு, சீலையக் கூட மாத்தாம, அவளக் கூட்டிக்கிட்டுப் பொறப்பட்டுட்டா. எங்கடீன்னா ஈரோட்டுக்குங்கறா. மோகனு ஆம்பளையாட்டக் குறுக்க நிக்கோணுமில்ல? அவன் பொண்டாட்டி கையப் புடிச்சுக்கிட்டு அழுகறான். பேரு கெட்டுப் போயிருமேன்னு நானும் ஒட்டுக்காப் போனேன். மனசு டாக்டராமா. வெளிய போர்டப் படிச்சதுமே எவனாச்சும் பாக்கறானான்னு சுத்தியும் பாத்தேன். முந்தானைய மூஞ்சிக்குப் போத்திக்கிட்டுத்தான் உள்ள போனேன்.

அந்த டாக்டரம்மா சின்ன வயசுதானுங்க. நல்லாத்தான் பேசுச்சு. ஆனா கேட்ட கேள்விய நீங்களே பாருங்க. தூக்கம் வருதா? வெடியறதுக்கு முந்தியே முழிப்பு வந்தருதா? சோறு ருசிக்குதா? முந்தி புடிச்ச எதுவும் இப்பப் புடிக்கறதில்லையா? நம்மளால யாருக்கும் உபயோகமில்லீன்னு தோணுதா? போயிச் சேந்தாத் தேவலைன்னு இருக்குதா? சுகந்தி எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டறா. நான் ஓரத்துல உக்காந்து மனசுக்குள்ள பதில் சொல்லிக்கிட்டே வந்தனுங்க. ஒண்ணு விடாம எனக்கும் ஆமாதான். இன்னைக்கு நேத்தில்ல, வாக்கப்பட்டு வந்த காலத்துல இருந்து. அப்ப நானும் சீக்காளியா? பொம்பளையாப் பொறந்து ஒரு ஊட்டுல வாழ்ந்தா இதெல்லாம் இருக்கறதுதானே. இதுக்கு ஒரு டாக்டரா?

கேட்டுட்டனுங்க. நான் என்ன பயப்படறவளா? ஏம்மா, இதெல்லாம் ஊருல நாலு பொம்பளைக்கும் இருக்கறதுதானே, இதப் போயி வியாதிங்கறீங்களேன்னேன். அது சிரிக்குல, கோவிச்சுக்கவும் இல்ல. நாலு பேரு செய்யறதையே செய்யறவங்க நல்லா இருக்கறாங்க, செய்யாதவங்கதான் சரியில்லாதவங்கன்னு கணக்கில்லீங்கம்மா, உள்ளுக்குள்ள நோவுதா, அன்னாட சோலி ஓடாம நின்னு போச்சா, அவங்க உசுருக்கு ஆபத்திருக்குதா, அதத்தான் பாக்கோணும், நாலு பேருக்கும் நோவுதுன்னா நாலு பேருக்கும் வைத்தியம் பாக்கோணும்னுச்சு. பேச்சுக்கென்ன, நல்லாத்தான் இருக்குது. எங்க வீதிக்கு வந்து பாக்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியவே அங்க தூக்கிக்கிட்டு வரோணும்.

அப்பறம் தொண்டை ஏன் கட்டியிருக்குதுன்னு கேட்டுச்சு. சுகந்தி தரையப் பாத்துக்கிட்டே அந்தக் கரகரத்த கொரல்ல சொல்றா. தறி ஓடறப்ப கத்துனா யாருக்கும் கேக்காதுங்க, அதனால தெனமும் பட்டறைக்குள்ள நின்னு கத்துவேனுங்கன்னு.

பாட்டுன்னு நெனச்சது அதுதானாமா.

வளர்மதி அப்படியே அவளக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. எனக்குப் பொக்குன்னு போச்சு, இல்லீங்கறதில்ல. ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா? நானுந்தான் கத்தியிருக்கறேன். எளசுல, எனக்குக் கரு கலைஞ்ச வருசம், தறிக்கு முன்னாடி நின்னு தொண்டை கிழியக் கத்துவேன். அழுதா மாமியாளுக்குக் கேக்கும், தறிச் சத்தத்துக்குள்ள கேக்காது. சத்தம் நின்னதும் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுச் சோறாக்கப் போயிருவேன். எல்லாப் பொம்பளையும் அப்படித்தான். பின்னே தறி எதுக்குங்க இருக்குது? அதையப் போயி டாக்டருகிட்டச் சொல்லுவாங்களா?

மாத்திரை எழுதிக் குடுத்துச்சு. அதோட வாரத்துக்கு ஒருக்கா வந்து பேசிட்டுப் போகோணுமாமா. பேசறதுக்கு ஈரோடு போகோணுமாமா, அதக் கேளுங்க.

மொதல்ல கொஞ்ச நாளு ஒரு மாத்தமும் இல்ல. எம் மனசுக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்பறம் ஆரம்பிச்சுது பாருங்க. ஒரு நாளு வெய்யில் ஏர்ற வரைக்கும் தூங்குனா. எம் மருமக. ஒரு நாளு டீவியப் பாத்துக் கெக்கெக்கேன்னு சிரிச்சா. ஒரு நாளு அத்தை, கொழம்புல உப்புச் சாஸ்தியாயிருச்சுன்னா. எனக்குக் கையில இருந்த கரண்டி விழுந்துருச்சுங்க. மோகன்கிட்ட, தின்ன தட்ட நீயே எடுத்து வெய்யின்னு சொல்லியிருக்கறா, அவனும் பல்லக் காட்டிக்கிட்டு எடுத்து வெக்கறான். போன வாரம் யாரையும் கேக்காம அம்மா ஊட்டுக்குப் போயிட்டு, திரும்பி வாறப்ப செகப்புல ஒரு சீலை எடுத்துக் கட்டிக்கிட்டு வாறா. அவளும் வளர்மதியும் அடுப்படியில நின்னு என்னமோ குசுகுசுன்னு பேசிச் சிரிச்சுக்கறாங்க. ஒண்ணா இருந்த வாய் ரெண்டாயிருச்சு.

எதுத்தூட்டுக்காரி கேக்கறா, ஏனுங்க ருக்குமணியக்கா, உங்க சின்ன மருமகளுக்குப் புத்தி சரியில்லையாமான்னு. அவ கத்திக்கிட்டு இருந்த காலம் முச்சூடும் யாராச்சும் ஒரு வார்த்த அப்படிச் சொல்லியிருப்பாங்களா? சொல்லுங்க பாப்போம். தங்கமான மருமகன்னுதானே சொன்னாங்க.

மாத்திரைய நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. தானா நிறுத்துனா மறுக்கா பழையபடி ஆயிருவாளாமா. அதையத்தானுங்க நான் தெனமும் சாமிகிட்ட வேண்டிக்கறது. பழையபடி ஆகட்டும்.

அப்படிப் பாக்காதீங்க. நான் கெட்டவ இல்லீங்க. அந்தப் புள்ளைக்கு நான் ஒரு சுடுசொல் சொன்னதில்ல. அவளுக்குக் காச்சல்னா கஞ்சி வெச்சுத் தந்தது நாந்தான். எனக்கு அவ மேல கோவம் இல்லீங்க. ஒரு இது. என்னன்னு சொல்லத் தெரியல. அவ சிரிச்சான்னா நான் எந்திரிச்சுப் பட்டறைக்குள்ள போயிருவேன். நான் என்னத்தக் கண்டேன், எனக்கு யாரு கரண்ட்டு இல்லாத நாள்ல மூஞ்சியப் பாத்தாங்க. சரி, அத விடுங்க.

பள்ளிபாளையம் வந்துருச்சுங்களா? பஸ் ஸ்டாண்டா இது? சரி சரி. இங்க ஆளேத்திட்டு அடுத்தது பாலந்தான். இந்த ஜன்னல் சித்த மேல ஏறுமாங்க? துருப் புடிச்சிருக்குது. நீங்க ஒரு கை போடுங்க. ஆங், போதும்.

இன்னைக்கு ஏன் கெளம்புனேன்னு சொல்லுலயே. வெடியால நடந்ததுங்க. எனக்குத் தூக்கமில்ல. படுத்தாப் படுக்கை முள்ளாக் குத்துது, உக்காந்தா உக்கார முடியல. எந்திரிச்சுப் போயி ஒரு தறியப் போட்டுவிட்டு நின்னுக்கிட்டு இருந்தேன். என்ன நெனச்சுக்கிட்டு நின்னேன்னு கேட்டாத் தெரியாது. நின்னேன். பாவுல நூலு அறுந்து போயி, துணியில கோடு விழுந்துக்கிட்டே போயிருக்குது. எனக்குத் தெரியல. எத்தன வருசம் ஓட்டுனவ நானு. கண்ணு தறி மேலதான் இருக்குது, ஆனாத் தெரியல.

பின்னால இருந்து ஒரு கை வந்து சுவிட்ச அமத்துச்சு. சுகந்தி. அந்தச் செகப்புச் சீலையக் கட்டிக்கிட்டு நிக்கறா. அதுக்குள்ள குழந்தைவேலு மத்த தறிகளப் போட்டுட்டான், சத்தம் வந்துருச்சு. அவ என்ற மூஞ்சியக் கிட்ட வந்து பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. எம் மூஞ்சிய யாரும் அப்படிப் பாத்ததில்லீங்க, என்ற ஊட்டுக்காரரு கூட. என்னடீன்னு கை காட்டுனேன். அவ கையத் தலைக்கு மேல தூக்குனா. மேஸ்திரிய வரச் சொல்லோணும்னு சுத்துனா. தறிக்கா? நூலுதானே அறுந்திருக்குது, நானே முடிஞ்சுக்குவேன், இதுக்கெதுக்கு மேஸ்திரின்னு கையிலயே சொன்னேன். இல்லீன்னு தலைய ஆட்டிப்போட்டு, வெரல நீட்டி, என்ற நெஞ்சத் தொட்டுக் காட்டறாளுங்க.

எனக்காமா. மேஸ்திரி எனக்காமா.

கொழுப்பப் பாத்தீங்களா? நேத்துத் தறி கத்துக்கிட்டவ. எங்கிட்டக் கத்துக்கிட்ட சைகைய எனக்கே காட்டறா. கண்ணு வேற கலங்கி நிக்குது அவளுக்கு. எனக்கு வந்த கோவத்துக்கு ஊட்டுக்குள்ள போயி, அவ அலமாரியில இருந்த மாத்திரைய அத்தனையும் அள்ளிப் பையில போட்டுக்கிட்டு, செருப்பக் கூட சரியா மாட்டாம வந்து பஸ் ஏறிட்டேன். இந்த எழவுதானே அவளுக்கு இந்த வாயக் குடுத்துச்சு. இதோட ஒழியட்டும்னுதான் வந்தேன்.

கோவந்தானுங்க அது. வேற என்னவா இருக்கும். பஸ்ல ஏறி உக்காந்ததுல இருந்து கண்ணுல தண்ணியா வந்துக்கிட்டு இருக்குது, காத்துக்கு. அவ கையி வெச்ச எடம் இன்னும் சுடுதுங்க. இந்த எடத்துல. என்ற மாமியா இருந்துச்சு, என்ற அம்மா இருந்துச்சு, வீதி நெறையச் சனம் இருந்துச்சு, ஒருத்தருக்கும் அந்தக் கையத் தூக்கிச் சுத்தத் தெரியலயே. அந்த வாயில்லாப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்குது. அவளே இப்பத்தான் எந்திரிச்சு உக்காந்திருக்கறா, அவளுக்கு நான் என்னத்தச் செஞ்சுட்டேன்னு அவ கண்ணுல தண்ணி வரோணும்? நான் கத்துன காலத்துல...

என்னங்க?

தாண்டிருச்சா? எப்பத் தாண்டுச்சு? அட, ஒரு சத்தங் குடுங்கன்னு உங்ககிட்டச் சொன்னனே. இப்படி எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களா? நல்லாளுங்க நீங்க. ஆறு போயிருச்சு. பை மடியிலயே கெடக்குது.

சரி விடுங்க. ஜன்னலுக்கு நீங்க வந்துக்கோங்க.

வேண்டாமா? சரி, இருக்கறேன்.

இது அவ ராத்திரிக்குப் போடோணுமுங்க. சாப்பிட்டதுக்கப்பறம். போடாட்டி எத்தன நாளைக்குத் தாங்கும்னு தெரியல. பொழுதோட ஊடு போய்ச் சேந்துட்டா வெச்ச எடத்துலயே வெச்சரலாம். வளர்மதி பாத்திருந்தான்னா இந்நேரம் போன் பண்ணியிருப்பா. பாத்திருக்க மாட்டா.

கண்ணு, ஒண்ணு கேக்கட்டுங்களா? ஈரோட்டு பஸ் ஸ்டாண்டுல இருந்து அந்த டாக்டரம்மா ஆஸ்பத்திரி நடக்கற தூரந்தானே? மத்தியானம் வரைக்கும் இருப்பாங்களாட்ட இருக்குது. இவ்வளவு தூரம் வந்தது வந்துட்டேன். போயி, உங்க மாத்திரையால எங்கூட்டுல நடக்கற கூத்த வந்து பாருங்கன்னு மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேட்டுப்போட்டு வந்தர்றேன். அதுக்குத்தான் போறேன். வேற எதுக்குங்க நான் அங்க போறேன்?

நீங்களும் சித்த கூட வாறீங்களா? உள்ள வர வேண்டாம், வாசல் வரைக்கும் வந்தாப் போதும். உள்ள போனா எனக்கு வாயில வார்த்த வருமோ வராதோ.

அந்த டாக்டரம்மாளுக்குத் தறிக்காரங்க சைகை தெரியுமாங்க?